அலைகளைக் கூட்டப் போய் முடிவிலியை எண்ணின கதை: யுனிக்னெஸ் செட்னா என்ன?

செட் தியரின்னாலே நம்மள்ல பலபேருக்கு ஸ்கூல்ல போட்ட வெண் படம்தான் ஞாபகம் வரும். ரெண்டு வட்டம், கிரிக்கெட் ஆடுறவங்க இத்தனை பேரு, ஃபுட்பால் ஆடுறவங்க இத்தனை பேரு, ரெண்டும் ஆடுறவங்க எத்தனை பேருன்னு ஒரு கணக்கு, அஞ்சு மார்க், முடிஞ்சுது. காலேஜ்ல மேத்ஸ் எடுத்தவங்களுக்கு இன்னும் கொஞ்சம் மேல போயி கேன்டர்னு ஒருத்தர் வருவாரு, முடிவிலியிலயே சின்னது பெருசு உண்டுன்னு சொன்னாருன்னு ஒரு சாப்டர் ஓடும். ஆனா அந்த சாப்டரை நடத்துற விதம் எப்படின்னா, மனுஷன் என்னமோ தத்துவம் யோசிச்சுட்டே உக்காந்திருந்தப்ப திடீர்னு முடிவிலியை எண்ணிப் பாக்கலாம்னு தோணின மாதிரி இருக்கும். அது சரியில்ல. அவர் பாத்துட்டு இருந்தது அப்பட்டமான அனாலிசிஸ் வேலை, சைன் காஸ் அலைகளைக் கூட்டுற வேலை, அதுல ஒரு சந்தேகத்தைத் தீக்கப் போயிதான் செட் தியரி வந்துச்சு. அந்த சந்தேகத்துக்கு இன்னிக்கு வச்சிருக்கிற பேருதான் யுனிக்னெஸ் பிரச்சனை, அதாவது அலைகளா பிரிக்கிறதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்காங்கிற கேள்வி. அதை அடியிலேர்ந்து சொல்லிப் பாக்குறேன், பிளஸ் டூ கணக்கு ஓரளவு ஞாபகம் இருந்தா போதும்.

ஃபூரியர்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, 1807ல திடப்பொருள்ல சூடு எப்படிப் பரவுதுன்னு ஒரு பேப்பர் எழுதி பாரிஸ்ல குடுத்தாரு, 1822ல அதையே விரிச்சு புத்தகமா போட்டாரு. அவர் சொன்னது என்னன்னா, எப்பேர்ப்பட்ட வளைகோடா இருந்தாலும் சைன் காஸ் அலைகளை வேற வேற அளவுல சேத்துக் கூட்டினா அது கிடைச்சுரும். உதாரணத்துக்கு சைன் எக்ஸ், கூட்டல் சைன் 3எக்ஸ்ல மூணுல ஒரு பங்கு, கூட்டல் சைன் 5எக்ஸ்ல அஞ்சுல ஒரு பங்கு, இப்படியே ஒற்றைப்படை எண்களா முடிவே இல்லாம கூட்டிட்டுப் போனா 0லேர்ந்து பை வரைக்கும் பை/4ன்னு தட்டையா ஒரு கோடு, பையிலேர்ந்து 2பை வரைக்கும் மைனஸ் பை/4ன்னு இன்னொரு தட்டைக் கோடு. வளைஞ்சு நெளியுற அலைகளைக் கூட்டினா சதுரமான ஒண்ணு வருது. எக்ஸுக்கு 90 டிகிரி போட்டுப் பாருங்க, 1 − 1/3 + 1/5 − 1/7 ன்னு போயி பை/4 வரும், கேரளத்து மாதவர் பேர்ல சொல்ற அதே தொடர்தான். ஒவ்வொரு அலைக்கும் முன்னாடி நிக்கிற எண்ணை, அதாவது 1, 1/3, 1/5 இதுங்களை கெழுன்னு சொல்லுவோம். இந்தக் கட்டுரை பூரா கெழுவைப் பத்திதான் பேச்சு.

இப்ப கேள்விக்கு வருவோம். ஒரே ஃபங்ஷனை ரெண்டு பேர் தனித்தனியா அலைகளா பிரிக்கிறாங்க, ஒருத்தருக்கு ஒரு வரிசை கெழு கிடைக்குது, இன்னொருத்தருக்கு வேற வரிசை கிடைக்குது, ரெண்டையும் கூட்டினா அதே ஃபங்ஷன்தான் வருதுன்னு வைங்க. இப்படி நடக்க வாய்ப்பு இருக்கா? ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணைக் கழிச்சா கேள்வி இன்னும் சுருங்கிடும்: எல்லா எக்ஸுக்கும் கூட்டுத்தொகை பூஜ்யம்தான்னு வர்ற ஒரு தொடர்ல, கெழு எல்லாமே பூஜ்யமாத்தான் இருந்தாகணுமா, இல்ல பூஜ்யம் இல்லாத அலைகளே முடிவில்லாம சேந்து ஒண்ணையொண்ணு எல்லா இடத்துலயும் சரியா அடிச்சுக்கிட்டு ஒண்ணுமே இல்லாம பண்ணிட முடியுமா?

கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும். பத்து அலை இருபது அலைன்னா பதில் சுலபம், தொகையிட்டுப் பாத்தா கெழு தானா வெளிய வந்துரும். முடிவில்லாத தொடருக்கு அந்த வழியில போக முடியாது, ஏன்னா ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியா தொகையிட்டுக் கூட்டினது முழுசைத் தொகையிட்டதுக்கு சமமா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. 1869ல ஜெர்மனியில ஹாலே யுனிவர்சிட்டிக்கு வேலைக்கு வந்த இளைஞர் கேன்டர்கிட்ட, அங்க ஏற்கெனவே ப்ரொஃபசரா இருந்த ஹைனதான் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டாரு. கேன்டர் அதுவரைக்கும் நம்பர் தியரி ஆளு, அதுலதான் 1867ல பெர்லின்ல டாக்டரேட் வாங்கினவரு. வேலை பாக்கப் போன ஊர்ல சீனியர் குடுத்த ப்ராப்ளம்தான் அவரோட மிச்ச வாழ்க்கையவே திருப்பிவிட்டுச்சு.

1870லயே கேன்டர் பதில் கண்டுபிடிச்சுட்டாரு: எல்லா எக்ஸுக்கும் பூஜ்யம்னா எல்லா கெழுவும் பூஜ்யம்தான். எப்படின்னு கொஞ்சம் கிட்டப் போயி பாக்கலாம், ஏன்னா பின்னாடி வர்றது எல்லாம் இதுலேர்ந்துதான் கிளம்புது. ரீமான் ஏற்கெனவே ஒரு தந்திரம் சொல்லி வச்சிருந்தாரு. தொடரை அப்படியே வச்சுக்கிட்டுப் போராடாம ரெண்டு தடவை தொகையிட்டுருங்க. அப்ப ஒவ்வொரு கெழுவும் அலை எண்ணோட வர்க்கத்தால வகுபடும், நூறாவது அலையோட கெழு பத்தாயிரத்துல ஒரு பங்கா சுருங்கிடும், அதனால புதுத் தொடர் எந்த வம்பும் பண்ணாம நல்லபடியா ஒருங்கி எங்கயும் அறுபடாத ஒரு வளைகோட்டைக் குடுக்கும். அதோட இரண்டாம் வகைக்கெழு, அதாவது வளைவு, பழைய தொடரோட கூட்டுத்தொகைதான், அது பூஜ்யம். வளைவே இல்லாத கோடு நேர்கோடு. நேர்கோட்டை திரும்பத் திரும்ப வர்ற அலைகளால கட்டணும்னா ஒரே வழிதான், எல்லா கெழுவும் பூஜ்யமா இருக்கணும். (வளைவுங்கிறதுக்கு வழக்கமான வகைக்கெழு இங்க வேலை செய்யாது, கொஞ்சம் தளர்த்தின ஒரு வகைதான் எடுக்கணும், அதுக்கு ஷ்வார்ட்ஸ் ஒரு உதவி பண்ணாரு, அந்த விவரத்தைத் தாண்டிப் போயிடுறேன்.)

பெரும்பாலான ஆளுங்க இதோட பேப்பரை போட்டுட்டு வேற வேலைக்குப் போயிருப்பாங்க. கேன்டர் விடல. எல்லா எக்ஸுக்கும் பூஜ்யம்னு நமக்குத் தெரிஞ்சே ஆகணுமா, ஒரு இடத்துல மட்டும் தொடர் என்ன ஆகுதுன்னே தெரியாதுன்னா என்ன ஆகும்னு கேட்டாரு. அந்த ஒரு புள்ளிக்கு இடது பக்கம் நேர்கோடு, வலது பக்கம் நேர்கோடு, ரெண்டும் அந்தப் புள்ளியில சேரணும், ஆனா சேர்ற இடத்துல மடிப்பு இருக்கலாமே? ரீமானோட இன்னொரு லெம்மா, அதாவது துணைத் தேற்றம், மடிப்பு வராதுன்னு சொல்லிடுது. அப்ப ரெண்டும் சேந்து ஒரே நேர்கோடு, புள்ளி ஒரு பொருட்டே இல்ல. ரெண்டு புள்ளி, ஆயிரம் புள்ளி, எத்தனையா இருந்தாலும் இதே மாதிரி ஒவ்வொண்ணா தைச்சுட்டுப் போயிடலாம். இது 1871.

முடிவில்லாத எண்ணிக்கையில புள்ளிங்க இருந்தா? இங்கதான் கதை திரும்புது. தெரியாத புள்ளிங்க 1, 1/2, 1/3, 1/4, 1/5ன்னு பூஜ்யத்தை நோக்கிப் போயிட்டே இருக்குன்னு வைங்க, பூஜ்யமும் அதுல சேத்தி. 1/2ஐ எடுத்தா அதுக்குப் பக்கத்துல 1ம் 1/3ம் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு, அது தனியா நிக்கிற புள்ளி, மேல சொன்ன மாதிரி தைச்சுடலாம். 1/1000மும் அப்படித்தான், எவ்வளவு நெருக்கமா இருந்தாலும் ரெண்டு பக்கமும் துளியூண்டு இடைவெளி இருக்கு. அப்படித் தைச்சுட்டே வந்தா பூஜ்யத்தைத் தவிர மத்த எல்லாப் புள்ளியும் ஒழிஞ்சுது. பூஜ்யத்தை மட்டும் நேரடியா தொட முடியாது, அதுக்கு எவ்வளவு கிட்டப் போனாலும் கூட்டமா புள்ளிங்க இருந்துச்சு. ஆனா இப்ப அந்தக் கூட்டமே காலியாயிடுச்சே, பூஜ்யம் தனியா நிக்குது, அதையும் தைச்சுடலாம். ரெண்டே சுத்துல வேலை முடிஞ்சுது.

கேன்டர் இதை ஒரு செயலாவே மாத்தினாரு. ஒரு புள்ளிக் கூட்டத்தை எடு, தனியா நிக்கிறதை எல்லாம் தூக்கிட்டு, எதைச் சுத்தி மத்தது குவிஞ்சு கிடக்கோ அதை மட்டும் வை. அதுக்கு டிரைவ்டு செட்னு பேரு. அதுக்கு மறுபடியும் அதே செயலைப் பண்ணு, மறுபடியும் பண்ணு. எத்தனையாவது சுத்துலயாவது கூட்டம் காலியாயிடுச்சுன்னா யுனிக்னெஸ் நிக்கும். இது 1872 பேப்பர், இதை ஒழுங்கா சொல்றதுக்காகவே மெய்யெண்னா என்னன்னு மொதல்லேர்ந்து வரையறுக்க வேண்டி வந்துச்சு, அதையும் அந்தப் பேப்பர்லயே பண்ணிட்டாரு.

இப்ப ஒரு விவகாரமான கேள்வி. ஒண்ணாவது சுத்து, ரெண்டாவது, மூணாவது, நூறாவது, எதுலயும் காலியாகாத ஒரு கூட்டம் இருக்கலாம் இல்லையா? அத்தனை சுத்துக்கு அப்புறமும் என்ன மிஞ்சுதோ அதை மறுபடியும் சுத்தலாமே? அது எத்தனையாவது சுத்து? முடிவிலியாவது சுத்து, அதுக்கடுத்தது முடிவிலி கூட்டல் 1ஆவது சுத்து. கேன்டர் பேப்பர்ல மொதல்ல அந்த முடிவிலிக் குறியையே போட்டு இப்படித்தான் எழுதினாரு, அப்புறம்தான் அதுக்கு ஒமேகான்னு எழுத்து குடுத்தாரு. முடிவிலிக்கு அப்புறம் என்னங்கிற பேச்சு இந்த இடத்துல வந்தது ஒரு வேலையை முடிக்கிறதுக்காக, தையல் இன்னும் மிச்சம் இருந்துச்சு, அவ்வளவுதான். முடிவிலியைத் தாண்டியும் எத்தனையாவதுன்னு சொல்ற இந்த ஆர்டினல் எண்கள் பிறந்தது இப்படி.

அடுத்தது இதுலேர்ந்தே கிளம்பின இன்னொரு கிளை. புள்ளிக் கூட்டங்களை இப்படி வச்சு விளையாடுறப்ப, முடிவில்லாத கூட்டங்கள் எல்லாம் ஒரே ரகம்தானா, இல்ல அதுக்குள்ள வித்தியாசம் இருக்கான்னு தோணாம இருக்குமா. பந்தியில உக்காந்திருக்கிற ஆளுங்களுக்கு இலை சரியா இருக்கான்னு பாக்க யாரும் ஆளை எண்ணி இலையை எண்ணி ஒப்பிட மாட்டோம், ஆளுக்கு ஒரு இலை, யாருக்கும் இல்லாம இல்ல, எந்த இலையும் சும்மா கிடக்கலன்னா ரெண்டும் சமம். அதே வழியில 1, 2, 3ன்னு போற எண்களையும் இரட்டைப்படை எண்களையும் ஜோடி சேத்தா சமமா வந்துருது. எல்லா பின்னங்களையும்கூட ஜோடி சேத்துடலாம், தொகுதி பகுதி ரெண்டையும் கூட்டினா 2 வர்றது மொதல்ல, 3 வர்றது அடுத்து, 4 வர்றது அதுக்கடுத்துன்னு வரிசைப்படுத்தினா ஒண்ணுகூட விட்டுப்போகாது. இப்படி வரிசைப்படுத்த முடிஞ்சா அதை எண்ணத்தக்க செட்னு சொல்லுவோம்.

1873 நவம்பர் 29ல கேன்டர் தன்னோட நண்பர் டெடகின்டுக்கு ஒரு லெட்டர் போட்டு, மெய்யெண்கள் எல்லாத்தையும் இப்படி வரிசைப்படுத்த முடியுமான்னு கேட்டாரு. டெடகின்டுக்குத் தெரியல. டிசம்பர் 7ல கேன்டரே முடியாதுன்னு நிரூபணத்தோட எழுதிட்டாரு, எட்டே நாள். எல்லாப் புத்தகத்துலயும் வர்ற மூலைவிட்ட (டயகனல்) நிரூபணம் இது இல்ல, அது 1891ல வந்தது. முதல் நிரூபணம் அனாலிசிஸ் வாசனையோட இருக்கும், எனக்கு இதுதான் பிடிக்கும். மெய்யெண்கள் எல்லாத்தையும் யாரோ வரிசையா எழுதிட்டாங்கன்னு வைங்க. ஏதாவது ஒரு இடைவெளி எடுங்க, வரிசையில மேலேர்ந்து பாத்துட்டே வந்து அந்த இடைவெளிக்குள்ள விழுற முதல் ரெண்டு எண்ணைப் பிடிங்க, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது புது இடைவெளி. மறுபடியும் வரிசையில பாத்துட்டே வந்து இதுக்குள்ள விழுற முதல் ரெண்டைப் பிடிங்க. இப்படி சுருங்கிட்டே போற இடைவெளிங்க எல்லாத்துக்குள்ளயும் கண்டிப்பா ஒரு எண்ணாவது மாட்டியிருக்கும், மெய்யெண்ணோட குணமே அதுதான். அந்த எண் வரிசையில எந்த இடத்துலயும் இருக்க முடியாது, ஏன்னா வரிசையில இருக்கிற ஒவ்வொண்ணையும் ஏதாவது ஒரு சுத்துல வெளிய தள்ளிட்டோம். (நடுவுலயே எண் கிடைக்காம நின்னுபோனா இன்னும் சுலபம், மிச்சம் இருக்கிற இடைவெளியே வரிசையில இல்லாத எண்ணுங்களால நிரம்பியிருக்குன்னு அர்த்தம்.) 1874ல இது அச்சுல வந்துச்சு, தலைப்பு என்னமோ இயற்கணித எண்களைப் பத்தின ஏதோ ஒரு பண்புன்னு சாதுவா இருக்கும். கேன்டர்னாலே க்ரோனெக்கர் சண்டை, மனநோய், சானடோரியம்னு எழுதுறவங்க ஜாஸ்தி, எனக்கு அதுல ஆர்வமில்ல, அந்த எட்டு நாள்தான் அதை எல்லாம் விட சுவாரசியம்.

சரி, இப்ப பழைய பிரச்சனைக்கு இந்தப் புது சாமானை எடுத்துட்டு வருவோம். ஒரு புள்ளிக் கூட்டம் இருக்கு, அதுக்கு வெளிய எல்லா இடத்துலயும் தொடரோட கூட்டுத்தொகை பூஜ்யம், உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. அப்படி இருந்தும் எல்லா கெழுவும் பூஜ்யம்னு அடிச்சுச் சொல்ல முடிஞ்சா அந்தக் கூட்டத்துக்கு யுனிக்னெஸ் செட்னு பேரு. சொல்ல முடியலன்னா, அதாவது உள்ள ஒளிஞ்சுக்கிட்டு ஒரு பூஜ்யமில்லாத தொடர் தப்பிக்க வழி இருந்தா, மல்டிப்ளிசிட்டி செட். நம்ம தேடுறது ஒரே விஷயம், எவ்வளவு சின்னதா இருந்தா அது யுனிக்னெஸ் செட்?

முதல் பதில் 1909ல யங்ங்கிற பிரிட்டிஷ்காரர் குடுத்தது: எண்ணத்தக்க எந்த செட்டும் யுனிக்னெஸ் செட்தான். பின்னங்கள் எல்லாத்தையும் விட்டுட்டுப் பாத்தாகூடப் போதும்னு அர்த்தம், கோட்டுல எங்க கை வச்சாலும் பின்னம் இருக்கு, இருந்தும் பரவால்ல. மறுபக்கம், லெபெக் 1902ல நீளம்ங்கிறதை சிதறிக் கிடக்கிற செட்டுகளுக்கும்கூட அளக்குற வழி சொல்லிட்டாரு, அதன்படி நீளம் பூஜ்யத்தை விட அதிகமா இருக்கிற செட் எல்லாம் மல்டிப்ளிசிட்டின்னு காட்டுறது பெரிய கஷ்டம் இல்ல. நடுவுல இருக்கிறதுதான் தலைவலி, எண்ணவும் முடியாது, ஆனா நீளமும் பூஜ்யம்.

அப்படி ஒண்ணு இருக்குமான்னு கேக்குறீங்களா, கேன்டரே 1883ல ஒண்ணைச் சொல்லியிருக்காரு. 0லேர்ந்து 1 வரைக்கும் ஒரு கோடு, மூணா மடிச்சு நடுப்பங்கை வெட்டி எறிங்க. மிச்ச ரெண்டு துண்டுலயும் நடு மூணுல ஒரு பங்கை எறிங்க. இப்ப இருக்கிற நாலு துண்டுலயும் அதேதான், முடிவில்லாம. எறிஞ்சது எவ்வளவு? 1/3, அப்புறம் 2/9, அப்புறம் 4/27, கூட்டினா சரியா 1. மொத்த நீளத்தையும் எறிஞ்சாச்சு. என்ன மிஞ்சும், வெட்டின ஓரங்கள்தானேன்னு தோணும், 1/3, 2/3, 1/9 அந்த மாதிரி. ஆனா 1/4 மிஞ்சுது, அது எந்த வெட்டோட ஓரமும் இல்ல. பத்துக்குப் பதிலா மூணை அடிப்படையா வச்சு எழுதினா 1/4ங்கிறது 0.020202ன்னு போகும், இந்தக் கணக்குல 1ங்கிற இலக்கமே வராம 0மும் 2ம் மட்டும் வச்சு எழுத முடியுற எண் எல்லாமே வெட்டுக்குத் தப்பிச்சுரும். 0, 2ன்னு ரெண்டு இலக்கத்தை முடிவில்லாம எத்தனை விதமா அடுக்கலாமோ அத்தனை புள்ளி, அது மொத்த மெய்யெண்களோட சமமா வந்து நிக்குது. நீளமே இல்ல, ஆனா கோடு பூராவும் எத்தனை புள்ளியோ அத்தனை புள்ளி.

அப்ப நீளம் பூஜ்யம்னா யுனிக்னெஸ்தான்னு ஒரு நம்பிக்கை ஓடிட்டு இருந்துச்சு, 1916ல மாஸ்கோவுல மென்ஷோவ் அதை உடைச்சாரு. இதே மாதிரி வெட்டி வெட்டி நீளம் பூஜ்யமாக்கின ஒரு செட், ஆனா அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு ஒரு பூஜ்யமில்லாத தொடர் தப்பிக்குது. சரி அப்ப எண்ண முடியாதது எல்லாமே மல்டிப்ளிசிட்டியா? அதுவும் இல்ல. வார்சாவுல ரைஹ்மான் 1922ல கேன்டரோட அந்த நடுமூணு செட் யுனிக்னெஸ் செட்தான்னு காட்டினாரு, மாஸ்கோவுல நீனா பாரியும் தனியா இந்த மாதிரி எண்ண முடியாத யுனிக்னெஸ் செட் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. எண்ணிக்கையும் கை குடுக்கல, நீளமும் கை குடுக்கல. வேற ஏதோ ஒண்ணுதான் முடிவு பண்ணுது.

அது என்னன்னு பாக்கத்தான் நான் இந்தக் கட்டுரையே எழுத ஆரம்பிச்சேன். நடுமூணை எறியறதுக்குப் பதிலா வேற அளவுல வெட்டிப் பாருங்க, ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டு ஓரத்துலயும் ஒரே விகிதத்துல வச்சுக்கிட்டு நடுவை எறியணும். நடுமூணுல ஓரம் 1/3. ஓரத்துல 0.4, அதாவது அஞ்சுல ரெண்டு வச்சுக்கிட்டு நடு அஞ்சுல ஒரு பங்கை மட்டும் எறிஞ்சா அதுவும் நீளம் பூஜ்யமாகும், அதுவும் எண்ண முடியாதது, பாக்க அசப்புல அதே மாதிரிதான் இருக்கும். ஆனா 1/3 யுனிக்னெஸ், 0.4 மல்டிப்ளிசிட்டி. 0.382ன்னு தோராயமா சொல்ற ஒரு குறிப்பிட்ட எண், கோல்டன் ரேஷியோவோட வர்க்கத்தால 1ஐ வகுத்தா வர்றது, அது யுனிக்னெஸ். 0.4க்கும் 0.382க்கும் கண்ணுக்குத் தெரியுற வித்தியாசம் என்ன இருக்கு?

விகிதத்தைத் தலைகீழா போடுங்க. 1/3 க்கு 3, 0.4 க்கு 2.5, மூணாவதுக்கு 2.618 சொச்சம். இப்ப அடுக்கு ஏத்திட்டே போங்க. 3, 9, 27, 81, எல்லாம் முழு எண், பேச்சே இல்ல. கோல்டன் ரேஷியோ 1.618ஐ அடுக்கு ஏத்தினா 2.618, 4.236, 6.854, 11.090, 17.944, 29.034, 46.979, 76.013. முழு எண்ணே இல்லாத ஒண்ணு, ஆனா 7, 11, 18, 29, 47, 76ன்னு முழு எண்களை மேலயும் கீழயும் மாறி மாறி ஒட்டிக்கிட்டே போகுது, போகப் போக இடைவெளி சுருங்குது. இதோட வர்க்கமான 2.618க்கும் அதே குணம்தான். ஆனா 2.5ஐ ஏத்துங்க: 6.25, 15.625, 39.0625, 97.65625, 244.140625. எந்த முழு எண்ணுக்கும் ஒட்டுற எண்ணமே கிடையாது. முழு எண்ணை இப்படி நெருங்கிட்டே போற குணத்துக்குப் பின்னாடி ஒரு இயற்கணித நிபந்தனை இருக்கு: முழு எண் கெழு வச்ச, முதல் கெழு 1ஆ இருக்கிற ஒரு சமன்பாட்டோட மூலமா அந்த எண் இருக்கணும், அதே சமன்பாட்டோட மத்த மூலங்கள் எல்லாம் அளவுல 1ஐ விடச் சின்னதா இருக்கணும். கோல்டன் ரேஷியோவுக்கு இன்னொரு மூலம் −0.618, அதை அடுக்கு ஏத்தினா பூஜ்யத்துக்குப் போயிடும், ரெண்டு மூலத்தோட அடுக்கையும் கூட்டினா எப்பவும் முழு எண், அதனாலதான் ஒட்டுது.

இந்த மாதிரி எண்களுக்கு பீஸோ–விஜயராகவன் எண்கள்னு பேரு. பீஸோ பிரெஞ்சுக்காரரு. விஜயராகவன் நம்ம திருக்கண்ணபுரம் விஜயராகவன், 1902ல பிறந்தவரு, 1920கள்ல ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயி ஹார்டிகிட்ட வேலை பாத்தவரு, பின்னாடி அழகப்பச் செட்டியார் சென்னையில ஆரம்பிச்ச ராமானுஜன் இன்ஸ்டிட்யூட்டுக்கு முதல் டைரக்டர். ஹார்டின்னா ராமானுஜன் பேரு மட்டும்தான் நம்ம ஊர்ல ஞாபகம் வருது, இவரைப் பத்தி எங்கயும் ஒரு வரி வர்றதில்லங்கிறது எனக்கு ஒரு குறைதான். ஒரு எண்ணோட அடுக்குகள்ல தசமப்புள்ளிக்கு அப்புறம் வர்ற பாகம் எப்படிப் பரவிக் கிடக்குதுன்னு அவர் வரிசையா பேப்பர் எழுதியிருக்காரு.

யுனிக்னெஸ் பிரச்சனையில இந்த எண்கள் வந்து நிக்கிறதைப் பிடிச்சது சலேம், பல வருஷம் பேங்க் வேலை பாத்துக்கிட்டே கணக்கு போட்டவரு. 1943ல அவர் சொன்னது, தலைகீழா போட்ட விகிதம் பீஸோ–விஜயராகவன் எண்ணா இருந்தா யுனிக்னெஸ், இல்லன்னா மல்டிப்ளிசிட்டி. நிரூபணத்துல ஒரு பாதியில ஓட்டை இருந்துச்சு, ரஷ்யாவுல பியாடெட்ஸ்கி-ஷபீரோ கண்டுபிடிச்ச புது வழியை எடுத்துக்கிட்டு 1955ல சலேமும் சிக்மண்டும் சேந்துதான் அதை அடைச்சாங்க. ஏன் இப்படின்னா, ஒரு தொடர் பூஜ்யத்துக்கு ஒருங்கணும்னா போகப் போக கெழுக்கள் பூஜ்யத்தை நெருங்கியாகணும், இது கேன்டர் காலத்துலயே தெரிஞ்ச விஷயம். அந்த செட்டுல எடையைச் சமமா பரப்பி அதுலேர்ந்து கெழுவை எடுக்குறதுதான் ஒரு தொடரை ஒளிச்சு வைக்க இயல்பா தோணுற முயற்சி. நடுமூணு செட்டை மூணு மடங்கு பெருசாக்கினா அதே செட் ரெண்டு பிரதியா வருது, அதனால 1ஆவது, 3ஆவது, 9ஆவது, 27ஆவது அலையோட கெழு எல்லாம் ஒரே அளவுல நின்னுடும், குறையவே குறையாது, முயற்சி ஃபெயில். 2.5ல அடுக்குகள் முழு எண்ணோட எப்பவும் பொருந்தாம போறதால அந்த ஒத்திசைவு நடக்குறதில்ல, கெழுக்கள் மெல்ல மெல்ல செத்துப்போகுது, தொடர் தப்பிச்சுருது. யுனிக்னெஸ் பக்கத்துக்கு இந்த ஒரு முயற்சி தோத்தா மட்டும் பத்தாது, வேற எந்த முயற்சியும் ஜெயிக்காதுன்னு காட்டணும், ஓட்டை விழுந்ததும் அந்தப் பாதியிலதான்.

இதுக்கு நடுவுல செட் தியரி தனியா வளந்து போயி, எண்ணத்தக்கதுக்கும் மெய்யெண்களுக்கும் நடுவுல ஒரு அளவு இருக்கான்னு கேன்டர் 1878ல கிளப்பின கேள்வி பெரிய மர்மமா ஆயிடுச்சு, 1900ல ஹில்பர்ட் போட்ட லிஸ்ட்ல முதல் ப்ராப்ளமே அதுதான். இல்லன்னு எடுத்துக்கிட்டாலும் முரண்பாடு வராதுன்னு குர்ட் கூடல் (Gödel) 1938ல காட்டினாரு, இருக்குன்னு எடுத்துக்கிட்டாலும் வராதுன்னு 1963ல பால் கோஹன் காட்டி ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கினாரு. செட் தியரி ஆளுன்னு நினைச்சுடாதீங்க, அவர் 1958ல சிகாகோவுல சிக்மண்ட்கிட்ட பண்ண தீசிஸ் முக்கோணவியல் தொடர்களோட யுனிக்னெஸ் பத்தினது. அந்த சிக்மண்டுக்கு வார்சாவுல வாத்தியாரு மேல சொன்ன ரைஹ்மான்.

அப்ப சலேம்–சிக்மண்ட் விதி மாதிரி எல்லா செட்டுக்கும் பொதுவா ஒரு விதி கிடைக்குமா? ஒரே விகிதத்துல வெட்டின செட்டுக்குத்தான் அது பொருந்தும், கண்டபடி வெட்டினா? 1980கள்ல சோலவேயும் காஃப்மனும் தனித்தனியா இதுக்கு செட் தியரி பக்கத்துலேர்ந்து பதில் சொன்னாங்க. மூடிய செட் (எந்தப் புள்ளியைச் சுத்தி தன் புள்ளிங்க குவியுதோ அதையும் தனக்குள்ளயே வச்சிருக்கிற செட்) ஒண்ணைக் குடுத்தா அது யுனிக்னெஸ்தானான்னு பாக்க, எளிய சோதனைகளை எண்ணத்தக்க அளவுல எப்படி அடுக்கிக் கோர்த்தாலும் போதாது, அதாவது அந்த மாதிரி ஒரு விதி இல்லவே இல்லன்னு நிரூபிச்சுட்டாங்க. தேடிக் கிடைக்கலங்கிறது வேற, கிடைக்கவே கிடைக்காதுங்கிறது வேற, இது ரெண்டாவது ரகம். அதோட நிக்காம டெப்ஸ், சான் ரேமோன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க இதே செட் தியரி வழியில போயி, நீனா பாரி காலத்துலேர்ந்து கிடந்த ஒரு அனாலிசிஸ் கேள்விக்கு 1987ல பதில் குடுத்தாங்க, இடவியல் கணக்குல பாத்தா போரெல் யுனிக்னெஸ் செட் எல்லாமே மெலிசானதுதான்னு. (போரெல் செட்ங்கிறது இடைவெளிகள்லேர்ந்து ஆரம்பிச்சு, சேக்குறது வெட்டுறதுன்னு எண்ணத்தக்க அளவுல திரும்பத் திரும்பப் பண்ணிக் கட்டுறது.)

ரெண்டு யுனிக்னெஸ் செட்டை ஒண்ணா சேத்தா வர்றதும் யுனிக்னெஸ் செட்தானான்னு ஒரு கேள்வி இருக்கு. ரெண்டும் மூடிய செட்டா இருந்தா ஆமா, ரெண்டு என்ன, எண்ணத்தக்க அளவுக்கு எத்தனை வேணா சேத்துக்கலாம்னு நீனா பாரி 1923லயே காட்டிட்டாங்க. மூடியதுங்கிற நிபந்தனையைத் தளர்த்தி போரெல் செட்னு எடுத்தா, வெறும் ரெண்டே ரெண்டுக்குக்கூட 1987ல கெக்ரிஸும் லூவோவும் இந்த விஷயத்துக்குன்னே ஒரு முழுப் புத்தகம் போட்டப்பவும் பதில் தெரியாமத்தான் இருந்துச்சு.